பன்னிரண்டு புட்டிப் பழைய தண்ணீர்

பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க ஆட்டு மொச்சை. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னம்மா இது, மன்னவனூர்ப் பட்டியையே மடிச்சு வச்சிருக்கீங்க!" என்றாள். வேறொன்றுமில்லை, நீ எனக்குப் பின்னிக் கொடுத்த சாம்பல் நிற ஜெர்சிதான். நாற்பது வருஷமாக அதை நான் போடவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. இந்தப் பழனி வெயிலில் அதற்கு இங்கே என்ன சோலி? யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வெளியே எடுத்தேன். கூடவே உன்மேல் இருந்த எரிச்சலும் பூச்சி அரிக்காமல் முழுசாக வந்துவிட்டது. நீ போய் எட்டு மாதமாகிறது. போனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுவேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில் ஓர் அறைதான் ஆய்வகம், நாம் இரண்டு பேர்தான் அதற்குப் பட்டாளம். நான் பழனி அடிவாரத்துப் பஞ்சாமிர்தக் கடைக்காரர் மகள். நீ இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்துப் பெண். எனக்குச் சுத்தம் செய்கிற பைத்தியம், உனக்குச் சேர்த்துவைக்கிற பைத்தியம். சாக்கு, நூல்கண்டு, காலிப் புட்டி, எதையும் எறிய விடமாட்டாய். "எறிஞ்சா திருப்பி எடுக்க ஏலாதுடி" என்பாய். உன்னோடு ஒரே குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்தியதற்கே எனக்கு ஒரு பதக்கம் கொடுத்திருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் குட்டிகள் நெஞ்சு நீர் கோத்துச் செத்துக்கொண்டிருந்தன. கிருமிதான் காரணம் என்று எல்லாரும் சொன்னபோது நீ மட்டும் தலையை ஆட்டினாய். "கிருமி கொஞ்சம்தான். கூப்பாடுதான் பெருசு" என்றாய். ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் ஒன்றையொன்று கூப்பிடும் என்று எனக்கு விளக்கினாய். கிருமியை முதலில் பார்த்த அணு ஒரு சேதியைக் கசியவிடும். அடுத்தது அதை வாங்கிக்கொண்டு பெருகும், தானும் சேதி விடும். காரியம் முடிந்ததும் 'போதும்' என்று சொல்ல வேறு சில அணுக்கள் உண்டு. அவை சொல்லத் தவறினால் கூப்பாடு அடங்காது, தன் சூட்டிலேயே உடம்பு வெந்துபோகும். அந்தச் சேதிகளுக்கு இன்று சைட்டோகைன் என்று பெயர் சொல்கிறார்கள். நீ சேதி என்றுதான் சொன்னாய்.

ஆட்டு ரத்தத்திலிருந்து பிரித்த அணுக்களைப் புட்டியில் வளர்த்தோம். சந்தையில் வாங்கிய சிவப்பு பீன்ஸ் விதையை அரைத்து வடித்த சாற்றை ஒரு சொட்டு விட்டால் அவை பெருகத் தொடங்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை புட்டியில் இருக்கும் ஊட்ட நீரைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். நீயாவது, கொட்டுவதாவது! வடிகட்டி வைத்துக்கொண்டாய். மூன்றாம் நாள் தண்ணீரை வேறு புட்டியில் விட்டால் அங்கிருந்த அணுக்கள் இன்னும் வேகமாகப் பெருகின. ஒன்பதாம் நாள் தண்ணீரை விட்டால் அடங்கின. நாலு தடவை செய்தும் அப்படியேதான். வெளிநாட்டில் இதெல்லாம் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள், ஆனால் நம் குளிரில், நம் ஆட்டில் பார்த்தவள் நீ. "சேதி தண்ணியிலதான் கெடக்கு" என்று குதித்தாய்.

நீ வெள்ளனே பட்டிக்கு ரத்தம் எடுக்கப் போய்விடுவாய். நான் எழுந்து வர எட்டாகும். அதனால் சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி, ஆணியில் தொங்கும் என் ஜெர்சிப் பையில் போட்டு வைப்பாய். குளிருக்கு நான் பைக்குள் கைவிட்டால் சீட்டு கிடைக்கும். 'பால் காய்ச்சியாச்சு.' 'மூணாம் புட்டியத் தொடாதே.' நமக்கு அதுதான் தபாலாபீஸ்.

அப்புறம் அந்த நாள். கீழேயிருந்து பெரிய ஆபீசர் வருகிறார், உன் வேலை தொடர்வதும் நிற்பதும் அவர் கையில். நீ விடிவதற்குள் ஜீப்பில் கொடைக்கானலுக்கு அவரை அழைத்துவரப் போய்விட்டாய். நான் கஞ்சி போட்ட புடவை கட்டி, மேலே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தேன். விசிட் என்றால் நம் பண்ணையில் கல்லுக்குக்கூடச் சுண்ணாம்பு அடிப்பார்களே! அட்டெண்டர் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார்.

"அம்மா, பழைய தண்ணியா கெடக்குங்க, பன்னெண்டு பாட்டில். ஒண்ணுலயும் பேர் இல்ல. வெரசாக் கொட்டிப்புடவா?"

மூடுபனி ஈரத்தில் பிளாஸ்திரி லேபல்கள் உரிந்து விழுந்திருக்கின்றன. எனக்கு அது தெரியவில்லை. பேர் இல்லாததால் நீ எறிய மனமில்லாமல் விட்ட கழிவு என்று நினைத்து நானே கொட்டினேன். சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன்.

ஆபீசரோடு வந்து நீ ஃபிரிட்ஜைத் திறந்தாய். உன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவர் எட்டிப் பார்த்து, "வெரி குட், ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்க" என்றார். காட்ட ஒன்றுமில்லாத வேலையை அந்த மாதமே நிறுத்தினார்கள். உன்னைக் கம்பளி எடை போட அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் நான்தான் முதலில் கத்தினேன். "ஏண்டி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லித்தானே வச்சேன்."

"எங்க சொன்ன? பொய் சொல்லாதடி!"

நீ திரும்பி அடுப்பை மூட்டப் போய்விட்டாய். அதில்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆணியிலிருந்த ஜெர்சியை உருவிப் பெட்டியடியில் திணித்தேன். மாற்றல் வாங்கிக்கொண்டு பழனிக்கு இறங்கிவிட்டேன். பிறகு கல்யாண வீடுகளில் பார்த்துக்கொண்டோம், பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டோம், இதைத் தொடவில்லை. 'அணுக்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டவளுக்குப் பக்கத்து மேசைக்காரியிடம் பேசத் தெரியாது' என்று எத்தனை பேரிடம் உன்னைக் கேலி செய்திருக்கிறேன்! கடைசியில் நீ படுக்கையில் விழுந்ததையும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்தபிறகு உன் மகன் போன் செய்தான். அழுதேன், திட்டிக்கொண்டே அழுதேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, கொடுப்பதற்காக ஜெர்சியை மடிக்க எடுத்தேன். பழக்க தோஷம், கை பைக்குள் போயிற்று.

பண்ணையில் குட்டிகளின் எடை எழுதும் நோட்டில் கிழித்த தாள். உன் பென்சில் எழுத்து.

'ஐஸ்பெட்டியில பன்னெண்டு புட்டி. லேபல் விழுந்துருச்சு, வந்து ஒட்டுறேன். பழைய தண்ணின்னு கொட்டிராதே, அதைத்தான் ஆபீசருக்குக் காட்டணும். அடுப்பில சுடுதண்ணி இருக்கு, குளிச்சிட்டு வா.'

அந்தச் சுடுதண்ணீரில் நான் குளித்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆபீசர் முன்னால் மொச்சை அடிக்கக் கூடாது என்று அன்றைக்கு மட்டும் ஜெர்சியை ஆணியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

"சேதி விட்டா மட்டும் காணாதுடி, வாங்கிக்கிற அணுவும் கைய நீட்டணும்" என்று நீ சொன்னதை நான் வேலைக்கான பாடம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஏண்டி, 'உன் ஜெர்சிப் பையில பாரு' என்று அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பொய் என்று மூஞ்சிக்கு நேரே சொன்னவளிடம் எதற்குச் சொல்லப் போகிறாய். நீ சொல்லித்தான் வைத்திருந்தாய். நான்தான் பொய்.

"கொடுத்துரலாமாம்மா?" என்று மகள் வந்து நின்றாள். என்னைப் பார்த்துத் திகைத்துப் போனாள். பங்குனி வெயிலில் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் பைக்குள் விட்டபடி உட்கார்ந்திருக்கிறேன்.