தேவியைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டது

இன்று மாதவரம் பக்கம் பஸ்ஸில் போனேன். பால்பண்ணையைத் தாண்டும்போது காய்ச்சிய பாலின் வாசனை ஜன்னல் வழியே வந்தது. ஜன்னலை மூடினேன். உன்னைத் தண்டிப்பதற்காக அனுப்பிய ஊர் அல்லவா இது.

தண்டையார்பேட்டைப் பள்ளியில் நீ ஐந்தாம் வகுப்புக்கு டீச்சர், நான் நான்காம் வகுப்புக்கு. நடுவே ஒரு மரத்தட்டிதான். நீ பேசுவது முழுக்க எனக்குக் கேட்கும். கோடை விடுமுறை முடிந்து உன் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தலையில் ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தாள். பழைய பெயர் வேண்டாம், தேவி என்று கூப்பிடுங்கள் என்றாள். நீ சரி என்றாய். வகுப்புதான் கொந்தளித்தது.

"டீச்சர், தேவி பையனா, பொண்ணா?"

"பொண்ணு. பொறந்தப்போ எல்லாரும் பையன்னு நெனச்சிட்டாங்க. அவ யாருன்னு அவளுக்குத் தெரியாதா?"

பக்கத்தில் உட்கார்ந்தால் தனக்கும் ஒட்டிக்கொள்ளுமா என்று ஒருவன் பயந்துபோய்க் கேட்டான்.

"ஒட்டிக்க இது இன்னா சிரங்காடா?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், தேவியும்தான். கோ-கோ ஆட்டத்தில் அவள் எந்த அணி என்று இன்னொருத்தி கேட்டாள். அவளையே கேள் என்றாய். தேவி நன்றாக ஓடுவாள்; மணி அடித்ததும் இரண்டு அணியும் அவள் கையைப் பிடித்து இழுத்தன.

பிள்ளைகளுக்கு அதோடு தீர்ந்தது. பெரியவர்களுக்குத்தான் தீரவில்லை. நாலைந்து அப்பாக்கள் திரண்டு வந்தார்கள். சின்னப் பிள்ளைகளிடம் அசிங்கம் பேசுகிறாயா என்று தலைமையாசிரியர் உன்னிடம் கத்தினார்.

"பசங்க கேட்டாங்க, நான் சொன்னேன் சார். நீங்க அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த கேக்கலியே."

குரல் உயரவில்லை. ஆனால் அவர் அறைக் கதவை நீ ஓங்கிச் சாத்திவிட்டு வந்ததை வாசலில் நின்று பார்த்தேன்.

அந்த வாரமே தேவியின் கையில் டி.சி.யைத் திணித்தார்கள். அவள் அம்மா மீன்கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்து எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். அப்புறம் உனக்கு மாற்றல், மாதவரத்துக்கு. நீ ஒடுங்கிவிடுவாய் என்று நினைத்திருப்பார்கள். நீயோ தேவியையும் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே சேர்த்தாய். தினமும் இரண்டு பஸ் மாறி ஒன்றாகப் போனீர்கள். யாராவது அவளைச் சீண்டினால், அவன் இறங்கி ஓடும்வரை விடமாட்டாயாம். தேவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் பிளஸ் டூ முடித்து, ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனாய்.

மூலக்கொத்தளம் இடுகாட்டில் உன்னை அடக்கம் செய்த அன்று அந்தத் தலைமையாசிரியரும் மாலையோடு வந்தார். உன் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த தேவியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இதுகளையெல்லாம் ஏன் உள்ளே விட்டீர்கள் என்று முணுமுணுத்தார். பிறகு என்னிடம், டீச்சர் ரொம்பப் பொறுமைசாலி என்றார்.

"பொறுமையா? சாவற வரைக்கும் உங்க மேல கோவமாத்தான் இருந்தாங்க சார். இவதான் தேவி. நீங்க தொரத்துன புள்ள."

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாலையை மண்மேல் போட்டுவிட்டு நடந்தார். தேவி அதை எடுத்துத் தூர எறிந்தாள். நான் தடுக்கவில்லை.

எல்லாவற்றையும் மறந்துவிடச் சொல்கிறார்கள். மாட்டேன். இப்போதும் என் வகுப்பில் எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் வாயை மூடு என்று சொல்வதில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்கிறேன். யாராவது பெரியவர்கள் அதற்காகச் சண்டைக்கு வந்தால், வரட்டும். உன் கோபம் இப்போது என்னுடையது. அது ஆறாமல் பார்த்துக்கொள்கிறேன்.