ஆறு பல் சொத்தை

ப்ரீதி,

மகிழினி பக்கத்து வீட்டு காக்கு ஆன்ட்டியிடம் தூங்குகிறாள். மீட்டிங்கைத் தள்ளிப்போட முடியவில்லை, கராடி ஆபீசுக்குக் கிளம்புகிறேன். வர ஒன்பதாகும்.

பல் டாக்டரிடம் போய் வந்தோம். ஆறு பல் சொத்தையாம். ஒன்றைப் பிடுங்கியே ஆக வேண்டுமாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு!

"தினமும் என்ன குடிக்கிறாள்?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவளே சொல்லிவிட்டாள்: "டேகேர் முடிஞ்சதும் அப்பா மேங்கோ ஜூஸ் வாங்கித் தருவாரு." பழச்சாறுதானே என்று நினைத்திருந்தேன். பையில் இருந்த பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினார். ஒரு பாக்கெட்டில் ஐந்து ஸ்பூன் சர்க்கரை, ப்ரீதி. ஒரு வருஷமாக என் கையால் கொடுத்திருக்கிறேன்.

நேற்று நீ அவளுக்குக் கொடுத்த ஒரே ஒரு குலாப்ஜாமூனுக்காக அந்தக் கத்து கத்தினேன். மன்னித்துவிடு.

ஃப்ரிட்ஜில் இருந்த ஜூஸையெல்லாம் கொட்டிவிட்டேன். மோர் இருக்கிறது. பப்பாளி நறுக்கி வைத்திருக்கிறேன். டாக்டர் கொடுத்த வலி மருந்து மேஜைமேல் இருக்கிறது, சாப்பிட்ட பிறகு கொடு. வியாழக்கிழமை நாலு மணிக்குப் பல் பிடுங்க வரச் சொன்னார். நீயும் வா. தனியாக என்னால் பார்க்க முடியாது.

சுனில்

பி.கு.: ஐந்து மணிக்கு ஜூஸ் கேட்டு அழுவாள். நீ அவளிடம் கெட்ட பேர் வாங்காதே. எனக்குப் போன் போட்டு அவளிடம் கொடு. மீட்டிங்கில் இருந்தாலும் எடுப்பேன். இனிமேல் கிடையாது என்று நானே சொல்கிறேன்.