பன்னிரண்டாம் அத்தியாயத்துக் குடை

செப்டம்பர் 4, ஞாயிறு. காலையிலிருந்து தூறல்.

ஆராதனை முடிந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, கூடத்தில் கதை வாசிப்பு. இருந்தவர்கள்: நான், நாத்தனார் மார்த்தாள், மகள் ஜெயமணி, எதிர் வீட்டு வக்கீல் குமாஸ்தா முனிரத்தினம், அவர் சம்சாரம். ஆக ஐந்து பேர். கதையை எழுதினவர், என் புருஷர், இல்லை.

அவர் திருப்பதிக்குப் போய் இன்றோடு பதின்மூன்று நாள். நாடகக் கம்பெனி அங்கே கொட்டகை போட்டிருக்கிறது. பழைய நாடகம் ஒன்றுக்குப் புது வசனம், புதுப் பாட்டு. பேசும்படக்காரர் ஒருவர் பட்டணத்திலிருந்து அதைப் பார்க்க வருகிறாராம். வருகிறார், வருகிறார் என்றே மூன்று கடிதம். தொடர்கதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தை மட்டும் ரயிலில் வந்த ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். பென்சில் எழுத்து. ஒரு தாளின் பின்பக்கத்தில் பாட்டு பாதி.

முறை எப்போதும் ஒன்றுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அவர் வாசிப்பார், நாங்கள் கேட்போம். திங்கட்கிழமை நான் மையில் நகல் எடுப்பேன். சாயங்காலத் தபாலில் பட்டணத்துப் பத்திரிகைக்கு.

இன்று நான் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் ரங்கசாமி குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறார், பெண்சாதி கமலத்தைக் கூப்பிடுகிறார். நிறுத்திவிட்டேன்.

குமாஸ்தா சம்சாரம் தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனார்தான் கேட்டாள்.

"இன்னா எஸ்தரு, ரங்கசாமி செத்துட்டான் இல்ல? அன்னிக்கி நான் சோறு துன்னாம அழுதனே."

கணக்கு நோட்டைப் புரட்டினேன். முன்பக்கம் அரிசி, பருப்பு, சலவை. பின்பக்கம் கதை மனிதர்கள்: பெயர், வயசு, உறவு, யார் எந்த ஊர். "ரங்கசாமி, 46, கமலத்தின் புருஷன். 5-ம் அத். வடமாலபேட்டை ரோட்டில் வண்டி கவிழ்ந்து மரணம். 6-ல் காரியம் முடிந்தது." என் கையெழுத்து. எழுதினவர் மறந்துவிட்டார், நகல் எடுத்தவளுக்கு ஞாபகம்.

கோர்ட்டில் இப்படி ஒரு சாட்சி ஏறினால் கேஸே தள்ளுபடி என்றார் குமாஸ்தா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வரவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தின்போது எனக்குக் காய்ச்சல், நகல் எடுக்கவில்லை, அவரே அனுப்பினார். கமலத்தின் இரண்டு அண்ணன்மார் அதில் மூன்று பேர் ஆகிவிட்டார்கள். வாசகர்கள் கேலியாக எழுதுகிறார்கள், இன்னொரு தடவை இப்படி வந்தால் தொடரை நிறுத்த வேண்டிவரும் என்று ஆசிரியர் எழுதியிருந்தார்.

நிறுத்திவிட்டால் அவர் பட்டணத்தோடு போய்விடுவார். வீட்டில் உட்கார்ந்து செய்கிற தொழில் அவருக்கு இது ஒன்றுதான்.

செப்டம்பர் 5, திங்கள். மழை இல்லை. புழுக்கம்.

ரவை சலித்தாயிற்று. ஜெ. பள்ளிக்கூடம். அலமாரியைத் துடைக்கப் போய், வேலை கெட்டது. அவருடைய தொழில்கள் வீட்டில் விட்டுப்போனவை:

மிஷன் பள்ளிக்கூடம் – ஒரு பிரம்பு. யாரையும் அடித்ததில்லை.
பத்திரிகை நிருபர் – நீலப் பென்சில் ஒரு பெட்டி. கோர்ட்டு, காலரா, ஏரி உடைந்தது என்று நாலு வருஷத் தந்தி ரசீதுகள்.
நாடகம் – மர வாள். ஜரிகை போன தலைப்பாகை. ஒரு பொய்முடி டோப்பா (செத்த பூனை என்று ஜெ. அலறினது).
பேசும்படம், ஒன்றே ஒன்று – ஒரு போட்டோ. நடிகர்கள் எல்லோரும் முழுசாக. ஓரத்தில் இவருடைய தோள் மட்டும்.
கதை – என் விரலில் மைக்கறை.

ஒவ்வொன்றுக்கும் புறப்படும்போது சொன்னது: ஆறு மாசந்தான்.

தந்தி கொடுத்தாலும் பதில் வருமுன் தபால் போய்விடும். பன்னிரண்டு மணிக்கு நகலுக்கு உட்கார்ந்தேன். முதல் இரண்டு பக்கம் அவர் எழுதினபடியே. மூன்றாவதில் பேனா நின்றது. ரங்கசாமியை எடுத்துவிட்டால் குடை மட்டும் மிச்சம். அதை யார் கொண்டு வருவார்? வண்டிக்காரன். அன்று வண்டியை ஓட்டினவன். கவிழ்ந்த இடத்தில் கிடந்ததை எடுத்துப்போய் இத்தனை நாள் வீட்டில் வைத்திருந்தவன், தூக்கம் வராமல் கொண்டு வந்துவிட்டான். கமலம் வாங்கி விரித்துப் பார்க்கிறாள். ஒரு கம்பி வளைந்திருக்கிறது என்கிறாள், அவ்வளவுதான். அவனை உட்காரச் சொல்லி மோர் கொடுக்கிறாள்.

மூன்றரைப் பக்கம். எங்கிருந்து வந்ததோ. பாட்டுப் புஸ்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். கை வலிகூடத் தெரியவில்லை. பருப்பு அடிப்பிடித்தது.

நாத்தனார்: "நீ கதையில மோர் குடுத்துக்கினு இரு. இங்க பருப்பு கரிக்கட்டையா பூடுச்சி."

கீழே 'சந்திரசூடன்' என்று நானே போட்டேன். அவருடைய புனைபெயர். ஞானஸ்நானம் வாங்கினவனுக்கு இப்படி ஒரு பெயரா என்று போதகர் இன்னும் கேட்கிறார். தபாலில் சேர்த்தாயிற்று. வருகிற வழியில் வேதக்கோயில் திறந்திருந்தது. உள்ளே போகவில்லை.

செப்டம்பர் 8, வியாழன். வெயில்.

உட்கார முடியவில்லை. உளுந்தை இரண்டு தரம் புடைத்தேன். பொய்ச்சாட்சியைப் பற்றிய கட்டளை மனசில் ஓடுகிறது. கதையே நடக்காத ஒன்று, அதில் என்ன பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதையில் இல்லை. கீழே போட்ட பெயரில்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. திருப்பதிக்கும் எழுதவில்லை.

வண்டிக்காரனுக்குப் பெயர் வேண்டும். நோட்டில் ஏற்றினேன்: முனுசாமி, 30, வெதுருகுப்பம், ஒரு காளைக்கு ஒரு கண் இல்லை. இது தேவையில்லாத வேலை. சாயங்கால ஜெபத்தின் நடுவில் முனுசாமி நினைப்பு வந்தது, எழுந்துவிட்டேன். மண்ணெண்ணெய் வாங்க மறதி.

செப்டம்பர் 16, வெள்ளி. மேகமூட்டம்.

இதழ் வந்தது. ஆசிரியர் கடிதமும். அவர் பெயருக்கு வருவதை நான் பிரிப்பது வழக்கந்தான். இன்று கதவைச் சாத்திவிட்டுப் பிரித்தேன்.

பன்னிரண்டாம் அத்தியாயம் இதுவரை வந்ததிலெல்லாம் மேல் என்று எழுதியிருக்கிறார். குடையை விரிக்கும் இடத்தில் அச்சுக் கோப்பவர் வேலையை நிறுத்திவிட்டு மறுபடி படித்தாராம். இதே போக்கில் எழுதுவதானால் இன்னும் இருபது அத்தியாயம் நடத்தலாம், அந்த வண்டிக்காரனை விட்டுவிட வேண்டாம்.

கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பிறகு கோழிக்குத் தீனி. பிறகு மறுபடி.

இருபது அத்தியாயம் என்றால் நாற்பது வாரம். நாற்பது வாரம் அவர் வீட்டில் இருப்பார். கடிதத்தை நேரில் காட்டினால் திரும்பி வர மறுக்க மாட்டார். நாளை நாத்தனாரோடு திருப்பதி. ஜெ. குமாஸ்தா வீட்டில்.

செப்டம்பர் 17, சனி. வெயில், புழுதி.

ரயிலில் பாகாலா வரை நின்றுகொண்டு. அதன் பிறகு இடம் கிடைத்தது. திருப்பதியில் எங்கு பார்த்தாலும் சந்தனம் பூசின மொட்டைத் தலைகள். நாத்தனார் என் கையை விடவில்லை.

கொட்டகை வாசலில் காவல்காரன், "கூச்சோண்டி அம்மா, ஒஸ்தாரு" என்று தெலுங்கில் சொல்லி, அவர் வரும்வரை உட்காரப் பெட்டியொன்றைக் காட்டினான். உட்கார்ந்தோம். உள்ளே பகல் ஒத்திகை. ராஜா குத்துப்பட்டு விழுந்தார், படுத்தபடியே பாடினார், பிராணன் போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் கம்பெனிக்காரர் குரல்: இந்த இடத்தில் ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்பார்கள், அதற்கும் பழகிக்கொள்ளுங்கள். ராஜா எழுந்து உட்கார்ந்தார். முழங்கால் மண்ணைத் தட்டினார். முழுப் பாட்டையும் மறுபடி பாடினார். மறுபடி செத்தார்.

"பாத்தியா," என்றாள் நாத்தனார், "ரங்கசாமி இங்கதான் கத்துக்கினு வந்திருக்கான்."

எனக்கும் அப்போதுதான் விளங்கிற்று. செத்தவர்கள் எழுந்து பாடுவதை ஆறு வருஷமாகப் பார்ப்பவருக்கு ஒருவர் குடையோடு உள்ளே வந்தால் என்ன தவறாகத் தெரியும்?

அவர் வந்தார். இளைத்திருக்கிறார். எங்களைப் பார்த்ததில் சந்தோஷம், அது நிஜம். கக்கத்தில் அந்த இதழ். கம்பெனியில் இரண்டு நாளாகக் குடையைப் பற்றித்தான் பேச்சாம். எழுதும்போது இருந்த அவசரத்தில் இவ்வளவு நன்றாக வந்ததே தெரியவில்லை என்றார். அவர் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்லவில்லை. தான் எழுதினதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். அச்சில் ஏறினதை அவர் படிப்பதில்லை, மற்றவர்கள் சொல்லக் கேட்பதோடு சரி.

நான் வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் திறந்தாள்.

"குடைய நீ எங்க எழுதின தம்பி? நீ ரங்கசாமியத்தான அனுப்பின."

அவளிடம் நான் சொன்னதே இல்லை. பருப்புக் கரிந்த அன்றே தெரிந்திருக்கிறது.

அவர் இதழைப் பிரித்து நின்றபடியே படித்தார். விரலை வரி வரியாக ஓட்டி. மேடையில் யாரோ ஆர்மோனியத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீயா எஸ்தரு?"

"ஆமாங்க."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அட்டைச் சிம்மாசனத்தின் படியில் உட்கார்ந்தார். "நல்லா இருக்குது" என்றார், மெதுவாக. இதழை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றதைச் சொன்னார். பேசும்படக்காரர் வியாழனன்றே வந்து பார்த்துச் சம்மதித்துவிட்டார். பட்டணத்தில் வேலை. புதன்கிழமை புறப்பாடு. கதை கெட்டுவிடுமே என்றுதான் தயக்கமாக இருந்ததாம், இப்போது அந்தக் கவலை இல்லை.

"பதிமூணு, பதினாலு, எல்லாம் நீயே எழுதிடு. எம் பேரு இருந்தா போதும், யாருக்குத் தெரியப்போவுது? ஆறு மாசந்தான்."

"உங்கள வூட்டுக்கு இட்டுக்கினு போவத்தான் எழுதினேன்," என்றேன்.

 செத்த ராஜா வேட்டியைக் கட்டிக்கொண்டு டீ கேட்டுக்கொண்டிருந்தார், இவர் அந்தப் பக்கமே பார்த்தபடி இருந்தார்.

ரயிலேற்ற வந்தார். ஜெ.க்கு ஒரு மரப்பாச்சி வாங்கிக் கொடுத்தார். வண்டி நகர்ந்த பிறகும் கையை ஆட்டிக்கொண்டு கூடவே நடந்தார். நாத்தனார் வடமாலபேட்டை ரோட்டைக் காட்டச் சொன்னாள். அது இந்தப் பக்கம் இல்லை என்றேன். கட்டிக்கொண்டு போன புளிச்சோறு அப்படியே திரும்பி வந்தது.

செப்டம்பர் 18, ஞாயிறு. இரவே மழை பெய்து விட்டிருந்தது.

ஆராதனை. வாசிப்பு இல்லை. குமாஸ்தா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஓய்வுநாளில் கதை எழுதக் கூடாது. தலைக்குள் எழுதினால்? முனுசாமி மறுபடியும் வருகிறான், இந்தத் தடவை கையில் ஒன்றும் இல்லாமல். என்ன சாக்குச் சொல்லி வருவான் என்று பிரசங்கம் முழுவதும். மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போதே சாக்கு கிடைத்துவிட்டது.

ஜெ. கேட்டாள், நைனா கதையை இனிமேல் யார் எழுதுவார்கள் என்று. தலை பின்னிவிட்டேன்.

செப்டம்பர் 19, திங்கள். தெளிவு.

பதின்மூன்றாம் அத்தியாயம், எட்டுப் பக்கம். பருப்பு இன்று கரியவில்லை, நாத்தனார் பார்த்துக்கொண்டாள். கடைசிப் பக்கத்தின் கீழே பெயர் போடுகிற இடத்தில் பேனாவை வைத்தேன், எடுத்தேன். இரண்டு தரம். மூன்றாம் தரம் வைக்கவில்லை.

நான் நன்றாக எழுதினதால்தான் அவருக்குப் போக முடிகிறது. மோசமாக எழுதியிருக்கலாமோ? இல்லை. அது முடியாது.

இடத்தை வெறுமையாக விட்டு, கூடவே ஒரு கடிதம். அவருக்கும் இதையே எழுதித் தனியாக அனுப்பியிருக்கிறேன். நகல்:

ஆசிரியர் அவர்களுக்கு, பதின்மூன்றாம் அத்தியாயம் இத்துடன் இருக்கிறது. பன்னிரண்டில் முதல் இரண்டு பக்கம் என் புருஷர் எழுதியது. குடை வந்தது முதல் நான் எழுதியது. அவர் பெயரை நானே போட்டேன். அது தப்பு, மன்னிக்கவும். அவர் பேசும்பட வேலையாகப் பட்டணம் வருகிறார், இனி எழுத மாட்டார். எழுதினால் நான்தான். அவர் பெயரில் எழுத மனம் ஒப்பவில்லை. என் பெயர் எஸ்தர். பள்ளிக்கூடம் போனவள் அல்ல. ஆனால் இந்தக் கதையில் யார் உயிரோடு, யார் இல்லை என்ற குறிப்பு முழுவதும் என்னிடம் இருக்கிறது. ரங்கசாமி இனி எழுந்து வர மாட்டார். என் பெயரில் நடத்தச் சம்மதமானால் கீழே அதைப் போட்டுக்கொள்ளவும். இல்லையானால் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பிவிடவும். அடுத்ததை அக்டோபர் 3-ம் தேதி நான் தபாலில் சேர்க்க வேண்டும். ஆகையால் சீக்கிரம் பதில் எழுதவும்.