பட்டமளிப்பு உரையும் பக்கத்து ரூமும்

துணைவேந்தர் ஐயாவுக்கு,

ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பிட்டேன். மேசை மேல இருந்த உங்க பட்டமளிப்பு உரையைப் படிச்சேன். "கர்த்தர் கூடவே இருக்கார், கொரோனாவுக்குப் பயப்படாம உலகத்துக்குள்ள போங்க"ன்னு பிள்ளைங்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கீங்க. பால் பாக்கெட்டையே சோப்பு போட்டுக் கழுவுற நீங்க இதை எந்த வாயால சொல்லப் போறீங்க? பட்டம் வாங்கப் போறவங்கள்ல நம்ம மகளும் ஒருத்தி. பக்கத்து ரூம்ல காய்ச்சலோட கிடக்கா. ஒரு தடவையாவது அந்தக் கதவுப் பக்கம் போனீங்களா?

சூப் அடுப்புல இருக்கு. சூடு பண்ணி, மாஸ்க் போட்டுக்கிட்டு, நீங்களே அவ கதவுகிட்ட வைங்க. வச்சிட்டு ஓடி வந்துடாதீங்க. வெளியே நின்னே அந்த உரையை அவளுக்குப் படிச்சுக் காட்டுங்க.

பி.கு.: நேத்து அவ என்கிட்ட கேட்டா, "அப்பா வீட்ல இல்லையாம்மா?"ன்னு.