சாம்பல் அட்டைக்குப் பின்னால்

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. எப்போதும் தம்பி என்றுதான் ஆரம்பிப்பேன். இன்றைக்கு இருக்கிற கோபத்தில் அந்த வார்த்தை கைக்கு வரவில்லை, பொறுத்துக்கொள். பொறுக்க முடியாவிட்டாலும் சரி, கடைசிவரை படி. உன் அம்மாவின் படத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நீ அங்கே சௌக்கியம் என்பதை உன் கடிதமே சொல்லிவிட்டது. சௌக்கியமாக இருக்கிறவன்தான் இத்தனை பக்கத்துக்குப் புத்திமதி எழுதுவான். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று பதிலுக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை. போனில் பேசலாம் என்றால் அத்தை அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். நீயும் "சரி அண்ணி, சரி அண்ணி" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் ஸ்டூடியோக் கதவைச் சாத்திவிட்டு, பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே யாரோ தட்டுகிறார்கள். தட்டட்டும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ இதுவரை எழுதிய புத்திமதி எல்லாம் வீண் இல்லை. நீ இந்த ஸ்டூடியோவை என்னிடம் விட்டுவிட்டு ஃபோட்டோகிராஃபி படிக்கப் போனபோது எனக்குத் தெரிந்ததெல்லாம், வருகிறவரைச் சுவரோரம் நிறுத்திக் காது இரண்டும் தெரிய ஒரு படம் எடுப்பதுதான். குழந்தையை எடுக்கும்போது குழந்தையின் கண் உயரத்துக்கு இறங்கு என்று எழுதினாய். இறங்கினேன். தரையில் குப்புறப் படுத்தேன். அது தவழ்ந்து வந்து லென்ஸை நக்கிவிட்டது, எனக்கு முட்டி பிடித்துக்கொண்டது, குழந்தையின் அப்பாதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். ஆனாலும் படம் அவ்வளவு அம்சமாக வந்தது.

பேக்கரிக்காரர் புது கேக்குகளை எடுக்கக் கூப்பிட்டார். ஃபிளாஷ் போடாதே, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும் என்று எழுதியிருந்தாயே, அதன்படி மேஜையை இழுத்து இழுத்துப் போட்டேன். வெயிலில் கிரீம் வழிந்து கேக்கே சாய்ந்துவிட்டது. அந்த மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்த கேக்கில் சரியாக வந்தது என்று வை. வீட்டுத் தரகருக்காக ஒரு வீட்டை எடுக்க, நீ சொன்னபடியே விடிந்ததும் போய் நின்றேன். வெளிச்சம் அருமை. ஆனால் வீட்டுக்காரர் மாடியில் பல் துலக்கிக்கொண்டு நிற்கிறார். கொஞ்சம் உள்ளே போங்கள் என்றால், "என் வீடு, நான் நிப்பேன்" என்கிறார். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் ஷட்டர் வேகத்தைக் கூட்டச் சொன்னாய், கூட்டினேன். முதலில் வந்த பிள்ளை படத்தைத் தாண்டிப் போய்விட்டான். மூன்றாவதாக வந்தவன் இரண்டு காலும் தரையில் படாமல் பறக்கிறான். அவன் அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

இதெல்லாம் உன்னால்தான். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

ஆனால் இந்தமுறை வந்ததே ஒரு கடிதம்! வயதானவர்களை எடுப்பது எப்படி என்று தலைப்புப் போட்டு ஆரம்பித்திருக்கிறாய். சன்னலோரம் உட்கார வை. கண்ணில் குவி. சுருக்கத்தை மறைக்காதே, சுருக்கம்தான் அழகு. அவசரப்படாதே, பேச்சுக் கொடு. படித்துக்கொண்டே வந்தேன், நன்றாகத்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தில் விஷயத்துக்கு வந்தாய். படிப்பு முடிவில் கண்காட்சியாம். மலை எடுத்தாகிவிட்டது, தெரு எடுத்தாகிவிட்டது, ஓடுகிற ரயில், மழையில் கடைவீதி, முன்பின் தெரியாத முகம் எல்லாம் முடிந்துவிட்டது. நெருங்கிய முகம் ஒன்றுதான் பாக்கியாம். "அண்ணி, நீங்களே அம்மாவ எடுத்து அனுப்பிடுங்க. நான் சொன்னபடி எடுத்தா நான் எடுத்த மாதிரிதானே."

அடப்பாவி! பெற்றவளின் முகத்தைக் கூடவா ஆள் வைத்து எடுப்பான் ஒருத்தன்? போன மாதம்தான், சந்தையில் பூட்டு ரிப்பேர் செய்கிற ஒரு பெரியவரைப் பற்றி எழுதியிருந்தாய். கேமராவைப் பையை விட்டே எடுக்காமல் நாள்கணக்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயாம். அவர் பேசப் பேசக் கேட்டாயாம். அவர் மனசு திறந்த பிறகுதான் கேமராவைத் திறந்தாயாம். அந்தப் படத்தை அத்தை கட்டிலுக்கு எதிரே ஒட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் என் மகன் எடுத்தது என்று காட்டுகிறார். பூட்டுக்காரருக்கு நாள்கணக்கு. அம்மாவுக்கு அண்ணி.

கோபத்தை விழுங்கிக்கொண்டு, சரி, கேட்டது பிள்ளை, எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து சன்னலோரம் உட்கார வைத்தேன். தலையில் நல்ல துணி ஒன்றைக் கட்டிவிட்டேன். மெத்தைமேல் மெத்தை போட்டுத்தான் உட்கார முடிகிறது. நான் கேமராவைத் தூக்கினதும் அவர் கையை நீட்டி, "அட்டையக் குடு" என்றார்.

எந்த அட்டை என்று உனக்குத் தெரியும். நிறம் சரிபார்க்க நீ வைத்திருந்தாயே, அந்தச் சாம்பல் அட்டை. கல்யாண ஜோடி வருவதற்கு முன்னால் அதை ஒருவர், எப்போதும் அத்தைதான், முகத்துக்கு நேராகப் பிடிக்க, ஒரு படம் எடுத்துக்கொண்டால், அதை வைத்து மற்ற எல்லாப் படங்களுக்கும் கம்ப்யூட்டரில் நிறத்தைச் சரிசெய்துவிடலாம் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தாய். அட்டை வேண்டாம் அத்தை என்றேன். "அப்புறம் எப்படி லைட் பாப்பே? யாரு வரப்போறாங்க, பொண்ணா மாப்பிள்ளையா?" என்று கேட்டார். யாரும் வரவில்லை அத்தை, உங்களைத்தான் எடுக்கிறேன் என்றேன்.

சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை எடுத்திருக்கலாம், என் கை ஓடவில்லை. "என்னையா? போடி பைத்தியக்காரி. என்னையத்தான் அவன் ஆயிரம் படம் எடுத்து வச்சிருக்கானே. முடியோட, சதையோட நல்லா இருந்தப்ப எடுத்தது. அத விட்டுட்டு இந்தக் கோலத்த எடுக்கறாளாம்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆயிரத்தில் ஒன்றைப் பார்த்து எடுத்துப் பெரிதாகப் போட்டு வை, பிற்பாடு தேடி அலையாதே என்றார். எந்தப் பிற்பாடு என்று உனக்கே புரியும்.

எந்தப் படம் வேண்டும் என்றுகூடச் சொன்னார். கல்யாண ஜோடி ஒன்று ரொம்ப நேரம் தாமதமாக வந்ததாம். அதுவரை நீ அவரை ஸ்டூலில் உட்கார வைத்து விளக்குகளை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டே இருந்தாயாம். "சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வாயே வலிச்சுப்போச்சு. அவன் ஒவ்வொரு தடவையும் பாத்துட்டு சூப்பர், சூப்பர்னான். அதுல ஒண்ணு நல்லா வந்திருக்கும்" என்றார். நீ சொன்னது வெளிச்சத்தை. அந்த அம்மா தன் முகத்தைச் சொன்னதாக இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் உள்ளே ஓடிப்போய்த் தலை வாரிக்கொண்டு வருவாரே, ஏன் என்று ஒருநாளாவது யோசித்தாயா?

தேடினேன். கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் விடாமல் தேடினேன். ஒவ்வொரு கல்யாணத்திலும் முதல் படம் அத்தைதான். சாம்பல் அட்டை, அதன் இரண்டு பக்கமும் அத்தையின் விரல்கள், மேலே கொஞ்சம் தலைமுடி. அந்த முடியும் இப்போது கிடையாது. அடுத்த படத்திலிருந்து மணப்பெண் வந்துவிடுகிறாள். அட்டை இல்லாமல் முகத்தோடு எடுத்தது ஒன்று, ஒரே ஒன்றுகூட இல்லை. இடத்தை அடைக்கிறது என்று ராத்திரியோடு ராத்திரியாக அழித்திருப்பாய். நிறம் பார்க்க அட்டை வேண்டும், அதனால் அட்டை தப்பித்தது.

எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினேன். அதை எடுத்ததும் நீதானே, அத்தை உனக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார், ஓரத்தில் பாதித் தோள் இருக்கிறது. என் போனில் பார்த்தேன். போனைத் தூக்கினாலே "என் பையன் எடுத்தது இருக்கு, நீ சும்மா இரு" என்று கையை ஆட்டுவார், ஆட்டின கைதான் பதிந்திருக்கிறது. அடையாள அட்டையில் இருப்பதைப் பெரிதாக்கலாமே என்று உன் அண்ணன் யோசனை சொன்னார். அதில் அத்தை, போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறார். அதைச் சொன்னதும் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு உன் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஓட்டப் போய்விட்டார்.

தினமும் காலையில் அத்தை கேட்கிறார், "தேடினியா, கெடச்சுதா?" என்று. நிறைய இருக்கிறது அத்தை, எது நல்லது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று வாய் கூசாமல் சொல்கிறேன். வேறு என்ன சொல்ல? உங்கள் மகன் உங்களை ஒருநாளும் படம் எடுக்கவே இல்லை, விளக்குக்கு முன்னால் ஒரு பொருளை வைத்துப் பார்த்தான், அவ்வளவுதான் என்றா சொல்ல? நேற்று அவரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "உனக்குத் தெரியாது, விடு. அவன் வந்து எடுத்துக் குடுக்கட்டும். எதுல நான் நல்லா இருக்கேன்னு அவனுக்குத்தான் தெரியும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சமையலறைக்குப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சொல்லமாட்டேன் என்று அத்தையிடம் சத்தியம் செய்திருக்கிறேன். கண்காட்சி முடியட்டும், பிள்ளை மனசு ஒடிந்துவிடும் என்று என் கையைப் பிடித்து வாங்கிய சத்தியம். உன் அண்ணனும் அதற்குத் தலையாட்டிவிட்டார். ஒருவர் மனசு நோகாமல் ஒருவர் பார்த்துக்கொள்வதில் அம்மாவும் பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள். நடுவில் பொய் சொல்லிச் சொல்லி நாறுவது நான். ஆகவே உடைத்துவிட்டேன், அந்தப் பாவம் என்னைச் சேரட்டும். டாக்டரம்மா இனிமேல் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும், ஆசைப்பட்டவர்களைப் பார்க்கட்டும் என்றார். சாப்பாடு இறங்கவில்லை. பார்க்க ஆசைப்படுவது யாரை என்று நான் எழுதவேண்டியதில்லை.

ஆகவே படம் அனுப்பமாட்டேன். கண்காட்சியில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். உன் வாத்தியார் கேட்டால், அண்ணி ஒரு ராட்சசி, எடுக்கமாட்டேன் என்கிறாள் என்று சொல். நீ படங்களை அழித்துவிட்டதை அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. அதில் நான் வாயே திறக்கமாட்டேன். நீ உட்கார் என்றால் உட்காருவார், எந்தக் கோலத்தில் இருந்தாலும் உட்காருவார். உனக்கு மட்டும் அவர் மாட்டேன் என்று சொன்னதில்லை.

வா, தம்பி. சண்டை போட்டாவது லீவு வாங்கிக்கொண்டு, கிடைக்கிற வண்டியில் ஏறி வா. பிந்திவிடாதே. சன்னல், வெளிச்சம், தூரம் எல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீ கேமராவைத் தூக்கினதும் அவர் அட்டையைக் கேட்பார், யார் வருகிறார்கள் என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று உன் புத்திமதி எதிலும் இல்லை, அதனால் நான் எழுதுகிறேன். "யாரும் வரலம்மா, உன்னத்தான் எடுக்கறேன்" என்று சொல். நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. நீ சொன்னால் நம்புவார்.

நல்லபடியாக வந்து சேர வேண்டிக்கொண்டு, கோபம் இன்னும் ஆறாமல்,
உன் அண்ணி