பதினாறு மணி இருபது நிமிடம்

மார்ச் 3
தங்கைக்கு இருபதாம் தேதி இதயத்தில் அறுவைச் சிகிச்சை. அவள் இருக்கும் ஊரில் அவளுக்குக் கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. "நீ வராதேக்கா, ரொம்பத் தூரம்" என்கிறாள். போகிறேன் என்றதும் மகன் போனில் தட்டிப் பார்த்துப் படித்தான்: "பதிமூணாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்ம்மா. அறுபத்தாறு வயசு, முழங்கால் வேற. பேசாம இரு."
நானா நடந்து கடக்கப் போகிறேன்?

மார்ச் 5
போன வருடம் எடுத்த விசா இன்னும் செல்லும். டிராவல்ஸ்காரர் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டார். விமானம் காலை பத்துக்குக் கிளம்பி, அன்று மாலையே நாலு ஐம்பதுக்கு இறங்குகிறது. ஆறே முக்கால் மணி நேரச் சொச்சம்! இதற்கா இந்த ஆர்ப்பாட்டம்? நாளைக் காலை மகன் முகத்துக்கு நேராக நீட்டுகிறேன்.

மார்ச் 6
மானம் போயிற்று. அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடுகிறதாம். ஆக மொத்தம் பதினாறு மணி இருபது நிமிடம். மகனும் மருமகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும். முப்பத்தெட்டு வருடம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவளுக்கு உட்காரச் சொல்லித் தருகிறார்களா?

மார்ச் 8
விமான சீட்டின் அளவு கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைம்மா" என்றார் டிராவல்ஸ்காரர். அகலம் பதினேழு அங்குலம். முதுகிலிருந்து முன்சீட்டு வரை முப்பத்தொன்று. கூடத்தில் டேப் பிடித்து, துணியில் கோடு போடும் சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு, நடுவில் நாற்காலியை வைத்தேன். நாளைக்குப் பரீட்சை.

மார்ச் 9
காலை ஐந்திலிருந்து கட்டத்துக்குள். டாக்டர் சொன்னபடி மணிக்கொரு முறை எழுந்து இரண்டு நடை. மற்றபடி மடியில் சட்டையை வைத்துப் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்தேன். மருமகள் தட்டை நீட்டி, "சைவமா, அசைவமா மேடம்?" என்றாள். கொழுப்பு.
பத்தாவது மணியில் கால் மரத்து, அழுகையே வந்துவிட்டது. பொய் எழுதுவானேன்? செத்தேன். போதும்டா சாமி என்று எழப் போனேன். அங்க அவ நெஞ்சையே திறக்கப் போறாங்க, எனக்கு முட்டி வலி பெரிசா? உட்கார்ந்துவிட்டேன்.
இரவு ஒன்பது இருபதுக்கு மகன்தான் கைகொடுத்து எழுப்பினான்.

மார்ச் 10
பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் போனவன் டிக்கெட்டோடு வந்தான். "வீல்சேர் சொல்லியிருக்கேன். வேணாம்னு சண்டை போடாதே." போடவில்லை.

மார்ச் 18
கிளம்பியதும் பதினெட்டு, இறங்கியதும் பதினெட்டு. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. வந்து சேர்ந்துவிட்டேன்.

மார்ச் 20
தங்கையை உள்ளே அழைத்துப் போகும் முன் நர்ஸ் ஒரு படிவத்தைச் சரிபார்க்கச் சொன்னாள். போன மாதமே தங்கை தன் கையால் நிரப்பியது. உடனிருப்பவர் என்ற இடத்தில் 'யாருமில்லை' என்று எழுதியிருந்தாள்.
பேனா கேட்டு வாங்கினேன். அதை அழுத்தி அடித்துவிட்டு, மேலே 'அக்கா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.