அனுஜன் பெயரில் பூசை

ரொக்ஸ்பரோ
14 ஜனவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் போனை எடுக்கிறீர்கள் இல்லை. கடிதமென்றால் கிழிக்கும்போதாவது ஒரு வரி கண்ணில் படும் என்று எழுதுகிறேன். முழங்கால் எப்படி? பனி வழிக்கிறேன் என்று படியில் இறங்க வேண்டாம்.

மே மாதம் கொரியா போகிறேன், ஒரு வருடத்துக்கு. அம்மா சொல்லியிருப்பா. முன்னொரு காலத்தில் அங்கே பௌத்தர்கள் தங்கள் சமயம் அழிகிறது என்று பயந்தார்கள். பயந்து என்ன செய்தார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. நீங்கள் நெற்றியில் சிலுவை போட்டுவிடாமல் நான் எந்தப் பயணமும் போனதில்லை. இதற்கும் வேண்டும் அப்பா.

உங்கள் மகள்
றெபேக்கா

லாசால்
29 ஜனவரி 2024

றெபேக்காவுக்கு,

கிழிக்கவில்லை. சிலுவையும் போடமாட்டேன்.

படிக்க வேறொன்றும் கிடைக்கவில்லையா உனக்கு? வன்னியில் யுத்தம் முடிந்த அன்று உன் அண்ணா அனுஜனை ஆமியிடம் கையளித்தோம். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். கூட்டிக்கொண்டு போனவனின் மணிக்கட்டில் பிக்கு ஓதிக் கட்டிய வெள்ளை நூல் இருந்தது. இன்றும் கண்ணை மூடினால் அந்த நூல்தான். அவர்களுடைய சமயம் அழிந்தால் அழியட்டும், எனக்கென்ன?

இங்கே எங்கள் கோயிலில் தமிழ்ப் பூசைக்கு ஆளில்லை. உயிர்ப்பு ஞாயிறோடு நிறுத்துகிறார்கள். அதை ஆராய யாரும் இல்லை. அனுஜன் நலமாகத் திரும்பவேண்டும் என்று வருடாவருடம் பூசை கொடுக்கிறேன். இனி எந்தப் பாஷையில் கொடுப்பது?

அப்பா
சவிரிமுத்து

ரொக்ஸ்பரோ
11 பெப்ரவரி 2024

அன்புள்ள அப்பா,

நானும் பக்கத்தில்தானே நின்றேன். நூலை நானும் கண்டேன். அந்தச் சமயத்துக்குள்ளே இருந்துகொண்டு வெட்கப்பட்டவர் எவரும் உண்டா என்று தேடித்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன்.

கொரியாவில் இருந்திருக்கிறார்கள். எண்ணூறு வருடத்துக்கு முன் ஒரு பிக்கு, துறவிகள் பேருக்கும் லாபத்துக்கும் அலைகிறார்கள் என்று கோபித்துத் தலைநகரை விட்டுப் போனார். காலம் கெட்டுவிட்டது, இனிப் புத்தர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும் என்றவர்களிடம், காலத்தில் பழி போடாதீர்கள், மனித மனம் அன்றுபோலத்தான் இன்றும் இருக்கிறது என்றார்.

அவருக்குப் பிந்திய காலத்தில் கடற்கரைச் சனம் வேறொன்று செய்தது. கொள்ளைக்காரரால் நொந்த ஏழைகள். ஆறு கடலில் விழும் இடத்துச் சேற்றில் மரக்கட்டைகளைப் புதைத்தார்கள். அடுத்த புத்தர் வரும் காலத்தில் அவை சாம்பிராணிபோல வாசமாக எரியும் என்று நம்பினார்கள். தாங்கள் அதுவரை இருக்கமாட்டோம் என்று தெரிந்துதான் புதைத்தார்கள். அந்தக் கரைகளைப் பார்க்கத்தான் போகிறேன்.

மே ஆறாம் திகதி விமானம். வருவீர்களா?

றெபேக்கா

லாசால்
2 ஏப்ரல் 2024

அன்பு மகளுக்கு,

பதில் எழுதச் சுணங்கிப்போனது. உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நூலை நீயும் கண்டதை இவ்வளவு காலம் ஒரு சொல் சொல்லவில்லையே பிள்ளை. அம்மா அழுதா. நானும்தான்.

கடைசித் தமிழ்ப் பூசை ஞாயிறு முடிந்தது. முன்வாங்கு மட்டும்தான் நிரம்பியது. பூசைக்கு முன் சுவாமி, பூசைக் கருத்துக் கொப்பியில் வழமைபோல அனுஜன் நலமாகத் திரும்ப என்று எழுதப்போனார். நான், "இல்லைச் சுவாமி, ஆத்தும இளைப்பாற்றிக்கு எண்டு போடுங்கோ" என்றேன். உயிர்ப்புத் திருநாளில் இப்படிக் கேட்கிறாரே என்று என் முகத்தைப் பார்த்தார். இனிப் பிரெஞ்சுப் பூசைதான். அவன் செத்ததை என்னால் பிரெஞ்சில் கேட்க முடியாது. அதுதான் அன்றைக்கே கொடுத்தேன்.

அந்தச் சனத்துக்குப் புதைக்க மரமாவது இருந்தது. எங்களுக்கு ஒன்றும் இல்லை.

குளிருடுப்பு மறக்காதே. அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா. மே ஆறாம் திகதி இரண்டு பேரும் வருவோம். உனக்குச் சிலுவை போட்டுத்தான் அனுப்புவேன். அனுஜனுக்குப் போட அவர்கள் நேரம் தரவில்லை.

அப்பா